யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்?



தமிழில் ‘கடன்காரர்’ என்னும் சொல் இரு பக்கமும் நிற்கும். கொடுத்தவரும் கடன்காரர், வாங்கியவரும் கடன்காரர். ஊரில் ஒருவரை ஒருவர் அறிந்து வாழ்ந்த காலத்தில் இந்த மயக்கத்தால் இடையூறு எதுவும் நேரவில்லை. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்தப் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. இன்று கீழக்கரையிலோ மண்டபத்திலோ கையெழுத்திட்டு வாங்கிய கடன், வாங்கியவருக்குத் தெரியாமலேயே மும்பையில் விலை பேசப்பட்டுக் கைமாறுகிறது. ஒருநாள் முன்பின் கேட்டறியாத பெயருடைய ஒரு நிறுவனம், “நாங்களே உங்கள் கடன்காரர்” என்று வாசற்கதவில் தாள் ஒட்டிச் செல்கிறது.

அப்படி ஒட்டப்பட்ட தாளொன்றின் பின்னே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் கோப்புகளைச் சுமந்து நடந்தேன். அதில் கற்றவற்றை நம் குடும்பங்களுக்கு எழுதிவைப்பது பயன் தரும் என்று எண்ணுகிறேன். வட்டிக் கடனைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு நாம் அனைவரும் அறிந்தது. இக்கட்டுரை அதை நியாயப்படுத்த வரவில்லை. கடனில் ஏற்கெனவே சிக்கிக்கொண்ட ஒரு வீட்டார், பொய் பேசாமலும் ஏமாறாமலும் அதிலிருந்து வெளியேறும் வழியைப் பற்றியே இது பேசுகிறது.

நடந்தது என்ன

என் லாத்தாவின் கணவர் நண்டும் கணவாயும் கொள்முதல் செய்து ஏற்றுமதி நிறுவனங்களுக்கு அனுப்பும் தொழில் செய்துவந்தார். பாம்பன், மண்டபம் கரைகளில் இத்தொழில் எவ்வளவு விரைவாக ஒருவரை உயர்த்துமோ, அவ்வளவு விரைவாகத் தாழ்த்தவும் செய்யும். 2017இல் மச்சான் ஒரு தனியார் வங்கியில் 18 லட்சம் ரூபாய் கடன் பெற்றார். அதற்கு ஈடாக, லாத்தாவின் பெயரில் இருந்த வீட்டின் மூலப்பத்திரம் வங்கியில் ஒப்படைக்கப்பட்டது. 2020இல் ஊரடங்கு வந்தது. ஏற்றுமதி நின்றது; தவணையும் நின்றது. அடுத்த ஆண்டு கணக்கு வாராக்கடனாக அறிவிக்கப்பட்டு, அறுபது நாள் கெடு விதித்த அறிவிப்பும் வந்து சேர்ந்தது.

2022 ஏப்ரலிலும் ஜூனிலுமாக மச்சான் எங்கெங்கோ திரட்டி 1,40,000 ரூபாயை வங்கியில் செலுத்தினார். வங்கி பணத்தைப் பெற்றுக்கொண்டு ரசீதும் தந்தது. அவ்வாண்டு நவம்பரில், வீட்டின் சுவாதீனத்தை எடுத்துக்கொண்டதாக ஓர் அறிவிப்பு கதவில் ஒட்டப்பட்டது. அதில் வங்கியின் பெயர் இல்லை. ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனம், ஏதோ ஓர் அறக்கட்டளையின் அறங்காவலர் என்ற நிலையில், 22,60,000 ரூபாய் கேட்டிருந்தது. மார்ச் மாதமே வங்கி இந்தக் கடனை அதற்கு விற்றுவிட்டதாம். எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. அறிவிப்பில் கண்ட கணக்கில் அந்த 1,40,000 ரூபாயும் வரவு வைக்கப்படவில்லை.

ஊரில் யோசனை சொல்வோருக்குப் பஞ்சமில்லை. நீதிமன்ற வாசல்களில் பழக்கமுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து, “கையெழுத்து எங்களுடையதே அல்ல என்று சொல்லிவிடுங்கள், பத்து ஆண்டுகள் வழக்கு ஓடும்” என்றார். மச்சான் தலை குனிந்திருந்தார். திரைக்குப் பின்னால் நின்ற லாத்தாதான் பதில் சொன்னார்: “கடன் வாங்கினது உண்மை. வாங்கலைன்னு சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். ஆனா தம்பி, வந்து நிக்கிறவங்க யாரு? அவங்ககிட்ட கட்டினா நம்ம கடன் தீருமா? அதை மட்டும் கேட்டுச் சொல்லு.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் எங்கள் வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது. கடனை மறுப்பது வேறு. கடனைக் கேட்டு வருபவரின் உரிமையை நிரூபிக்கச் சொல்வது வேறு. முன்னது பொய். பின்னது கடன்பட்டவரின் உரிமை. ஒருவகையில் அவருடைய கடமையும்கூட. உரியவர் அல்லாதவரிடம் செலுத்திய பணத்தால் பொறுப்பு நீங்காது. அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. உரியவர் யார் என்று உறுதி செய்துகொள்ளாமல் அந்தக் கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது?

கடன் கைமாறும் விதம்

கடன் பத்திரம் கைமாறுவது நம் பகுதிக்குப் புதிதன்று. புரோநோட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பதையும், அடமானப் பத்திரத்தை மற்றொருவர் பெயருக்கு மாற்றி எழுதுவதையும் முந்தைய தலைமுறையினர் ‘மேடோவர்’ என்று சொல்வார்கள். ஒத்தி, போக்கியம், ஈடு என்று அடமானத்தின் வகைகளையெல்லாம் நம் பெரியவர்கள் எழுதிய ஆவணங்களிலேயே காணலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இவற்றை வரையறை செய்தது. எழுத்தும் பதிவும் இன்றி, பத்திரத்தை ஒப்படைத்தே அடமானம் ஏற்படுத்தும் முறையை அச்சட்டம் தொடக்கத்தில் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற வணிக நகரங்களுக்கே அளித்தது. பின்னர் அரசு அறிவிக்கும் ஊர்களுக்கும் அது விரிந்தது. இன்று வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்புக்கான குறிப்பாணை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றிலும் இடம்பெறுகிறது.

இதன் மேல் 2002இல் வந்தது சர்பாசி சட்டம். நீதிமன்றத்தை நாடாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை இது வங்கிகளுக்கு வழங்கியது. அச்சட்டத்தின் 13(2) பிரிவின்படி அறுபது நாள் அறிவிப்பு தரப்பட வேண்டும். கடன்பட்டவர் ஆட்சேபம் எழுதினால் பதினைந்து நாட்களுக்குள் காரணத்துடன் பதில் தரப்பட வேண்டும். இந்தப் பதில் தரும் கடமைக்கு வழிவகுத்தது 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. தீர்ப்பாயத்தை அணுகவே கடனில் 75 விழுக்காட்டை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்றிருந்த விதியையும் அத்தீர்ப்பு நீக்கியது. நம்மைப் போன்றோர் இன்று கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் படியேற முடிவது அதனால்தான்.

அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, வங்கிகள் தம் வாராக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்க வழி செய்கிறது. வாங்கிய நிறுவனம், கடன் கொடுத்தவராகவே கருதப்படும். அடமானத்தின் மீதான உரிமைகளும் அதற்குப் போய்ச்சேரும். வங்கிகள் தமக்குள் கடனை விற்றுக்கொள்வதும் செல்லும் என்று ஐசிஐசிஐ வங்கி, ஏபிஎஸ் ஸ்டார் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2010 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, “என் கடனை விற்க உனக்கு என்ன உரிமை?” என்ற கேள்வி பெரும்பாலும் பயன்படாது. அதற்குக் கடன்பட்டவரின் சம்மதமும் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 6ஆம் பிரிவின்படி, விற்ற செய்தியைக் கடன்பட்டவருக்கு வங்கி தெரிவிக்கலாம். தெரிவித்தே ஆக வேண்டும் என்றில்லை. அதே வேளையில், அறிவிப்பு தரப்படாத நிலையில் கடன்பட்டவர் பழைய வங்கியிலேயே செலுத்தும் பணத்தை, அந்த வங்கி புதிய நிறுவனத்தின் பொருட்டுப் பொறுப்பில் வைத்திருப்பதாகவே சட்டம் கொள்கிறது. மச்சான் செலுத்திய 1,40,000 ரூபாயின் கதி இந்தப் பிரிவில்தான் இருந்தது. வழக்கறிஞர் அதைச் சுட்டிக்காட்டியபோது, லாத்தா கேட்ட கேள்வியின் ஆழம் எனக்குப் புரிந்தது.

அட்டவணை எங்கே?

சுவாதீன நடவடிக்கையை எதிர்த்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். நாங்கள் அந்தக் கெடுவுக்குள் சென்றோம். நிறுவனம் உரிமை மாற்றுப் பத்திரத்தின் ஒளிநகலைத் தாக்கல் செய்தது. அதில் ‘அட்டவணையில் கண்ட கடன்கள்’ விற்கப்பட்டதாக எழுதியிருந்தது, அட்டவணை இல்லை. நூற்றுக்கணக்கான கடன்கள் மொத்தமாகக் கைமாறும் ஒப்பந்தத்தில், எந்தெந்தக் கடன்கள் என்பதைச் சொல்லும் ஒரே பக்கம் அந்த அட்டவணைதான். அது இல்லாத பத்திரம், சர்வே எண் இல்லாத கிரயப் பத்திரம் போன்றது.

முதல் நிலையில் எங்கள் மனு தள்ளுபடியானது. விற்பனையைச் சட்டம் அனுமதிக்கிறது, ஒப்பந்தமும் இருக்கிறது என்ற அளவில் அந்த உத்தரவு அமைந்தது. அனுமதிக்கப்பட்ட விற்பனைதான், ஆனால் எங்கள் வீட்டுக் கடன் அந்த விற்பனைக்குள் இருந்ததா என்பதே எங்கள் கேள்வி. அதற்கு விடை காண மேல்முறையீடு ஒன்றே வழி.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. கடன் தொகையில் 50 விழுக்காட்டை முன்வைப்பாகச் செலுத்த வேண்டும்; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் காரணம் கூறி அதை 25 விழுக்காடு வரை குறைக்கலாம். அதற்கும் கீழே குறைக்க அதற்கு அதிகாரம் இல்லை. குறைத்த பிறகும் எங்களுக்கு 5,65,000 ரூபாய் தேவைப்பட்டது. லாத்தா தன் நகைகளை விற்றார். எஞ்சியதைக் குடும்பத்தார் மூவர் வட்டியில்லாக் கடனாகத் தந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தவணைத் தேதியோடு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட எழுதிக் கொடுத்தோம். உறவினருக்குள் எழுத்து எதற்கு என்று ஒருவர் கூச்சப்பட்டார். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடும் வசனம்தான் (2:282) திருமறையிலேயே மிக நீண்டது; அது உறவினர்க்கு விலக்களிக்கவில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

நகை விற்ற நாளில் லாத்தா அழவில்லை. இராமேசுவரத்துக் கதை ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. அப்துல் கலாம் அவர்கள் மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டியிருந்தபோது, அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடமானம் வைத்துத் தந்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டதை அக்கினிச் சிறகுகளில் அவரே பதிவு செய்திருக்கிறார். நம் கரையோரக் குடும்பங்களில் கடைசி அரண் பெண்களின் கழுத்திலும் கையிலுமே இருந்துவருகிறது. அந்த அரண் எதற்காக உடைக்கப்படுகிறது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மாசசூசெட்ஸில் நடந்த ஒரு வழக்கு

இந்தக் காத்திருப்பின் இடையே எங்கள் வழக்கறிஞர் ஓர் அமெரிக்கத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னார். நம் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கேள்வியைத் தெளிவாக்கும். அங்கே வீட்டுக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அறக்கட்டளைகளுக்கு விற்றார்கள். 2007இல் சரிவு தொடங்கியதும், அவ்வறக்கட்டளைகளின் சார்பில் வங்கிகள் வீடுகளை ஏலம் விட்டன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இரண்டு வீடுகள் அவ்வாறு விற்கப்பட்டன. யூ.எஸ். பாங்க் எதிர் ஐபானெஸ் என்ற அவ்வழக்கில், 2011 ஜனவரி 7 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஏலங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

காரணம் எளிது. ஏலம் விட்ட நாளில் அடமானம் தம் கையில் இருந்தது என்பதை வங்கிகளால் காட்ட முடியவில்லை. உரிமை மாற்றுப் பத்திரங்கள் ஏலத்துக்குப் பிந்தைய தேதியில் எழுதப்பட்டிருந்தன. முன்பே மொத்தமாக விற்றுவிட்டோம் என்று சொன்ன ஒப்பந்தத்துக்கோ, குறிப்பிட்ட அந்த அடமானத்தை அடையாளம் காட்டும் அட்டவணை முன்வைக்கப்படவில்லை. கடன் கட்டத் தவறியதைப் பற்றி அங்கே சர்ச்சையே இல்லை என்பதையும், வங்கிகள் தம் ஆவணங்களைப் பேணிய அலட்சியத்தையும், உடன்பட்டு எழுதிய நீதிபதிகளே குறிப்பிட்டார்கள். கடன் உண்மை, ஆனாலும் ஒருவருடைய வீட்டை எடுக்கும் அதிகாரம் கொண்டவர், அந்த அதிகாரம் அந்த நாளில் தம்மிடம் இருந்ததைக் காட்டியாக வேண்டும்.

அதே காலத்தில், ஆவணங்களைப் படிக்காமலேயே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் உறுதிமொழிக் கையெழுத்திட்ட வங்கி ஊழியர்களின் செய்தி வெளிவந்து அமெரிக்காவையே உலுக்கியது. 2012 பிப்ரவரியில் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் ஏறத்தாழ 2,500 கோடி டாலர் மதிப்பிலான சமரசத்துக்கு வந்தன.

இஸ்லாமிய நீதிமுறையின் அடிப்படை விதியும் இதுவே: வாதிடுபவர் மீதே ஆதாரத்தின் பொறுப்பு. பெரிய நிறுவனம், சிறிய மனிதர் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

மேல்முறையீட்டில் வந்த விடை

மேல்முறையீட்டில் எங்கள் வழக்கறிஞர் மூன்று கேள்விகளை மட்டும் வைத்தார். அட்டவணையில் இந்தக் கணக்கு இருக்கிறதா? சுவாதீன அறிவிப்பு தந்த நாளில், இந்த அடமானம் மத்தியப் பதிவகத்தில் அந்நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்ததா? விற்பனைக்குப் பின் வங்கியில் செலுத்திய தொகை எங்கே?

இரண்டாவது கேள்விக்குச் சிறு விளக்கம் வேண்டும். செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்குகிறது. ஒரே பத்திரத்தைக் கொண்டு பல வங்கிகளில் கடன் பெறும் மோசடியைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2020 ஜனவரி 24 முதல் நடைமுறையில் உள்ள 26டி பிரிவின்படி, தம் ஈட்டுரிமையை அங்கே பதிவு செய்யாத கடன் கொடுத்தவர், சர்பாசி சட்டத்தின் கீழ்ச் சொத்தைக் கைப்பற்றும் உரிமையைப் பயன்படுத்த இயலாது. சிறு கட்டணம் செலுத்தி எவரும் அந்தப் பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

தீர்ப்பாயம் அட்டவணையைத் தாக்கல் செய்யச் சொன்னது. சில மாதங்கள் கழித்து அது வந்தது. அதில் எங்கள் கணக்கு எண் இருந்தது. பதிவகத்தில் உரிமை மாற்றமும் அறிவிப்புத் தேதிக்கு முன்னரே பதிவாகியிருந்தது. ஆக, அந்நிறுவனமே எங்கள் கடனுக்கு உரியது என்பது நிரூபணமாயிற்று.

இதைக் கேட்டுச் சிலர், “அப்படியானால் வழக்கு வீண்தானே?” என்றார்கள். அவ்வாறன்று. முதற்கண், யாரிடம் செலுத்தினால் கடன் தீரும் என்பது ஐயமின்றித் தெரிந்தது. அடுத்து, அந்த அட்டவணையே விற்பனைத் தேதியையும் அன்றைய நிலுவையையும் காட்டியது. ஆகவே, அதன் பின் செலுத்திய 1,40,000 ரூபாய் நிறுவனத்துக்குச் சேர வேண்டியது என்பதும், அதைக் கழிக்காமல் வட்டி ஏற்றியிருந்தார்கள் என்பதும் அவர்களுடைய தாளிலிருந்தே வெளிப்பட்டன. அதன் பிறகு பேச்சின் தொனி மாறியது. கணக்கு திருத்தப்பட்டது, அபராத வட்டி கைவிடப்பட்டது. முன்வைப்புத் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள இரு தரப்பும் இசைந்து, ஆறு மாதத் தவணையில் ஒரே முறைத் தீர்வு ஏற்பட்டது. மச்சானின் பங்குக்கு இருந்த இன்னொரு மனையை விற்று அதை அடைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், வீடு நின்றது. கடனும் உண்மையாகவே தீர்ந்தது.

அந்த நாட்களில் நான் கண்ட மாற்றம் மச்சானிடத்தில்தான். தாள் ஒட்டப்பட்டதிலிருந்து அவர் ஜுமுஆவுக்குக்கூடக் கடைசி ஸஃப்பில் நின்று முதல் ஆளாக வெளியேறிவந்தார். யாருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் தெளிவான பிறகு, கடன் இன்னும் அடையாத நிலையிலேயே அவர் நிமிர்ந்து நடந்தார். கடனைவிட, கடனின் அளவும் முகமும் தெரியாதிருப்பதே மனிதனை அதிகம் கூனச் செய்கிறது.

ரஹ்னும் அடமானமும்

நபி (ஸல்) அவர்கள் ஒரு யூத வணிகரிடம் வாற்கோதுமை பெற்று, அதற்கு ஈடாகத் தம் கவசத்தை வைத்திருந்தார்கள்; அந்தக் கவசம் ஈட்டில் இருக்கும்போதே வஃபாத்தானார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். ஈடு வைப்பது இழிவன்று என்பதற்கும், ஈட்டில் மதம் குறுக்கிடாது என்பதற்கும் அது சான்று. ஈட்டுப் பொருள் அதன் உரிமையாளருடையதாகவே நீடிக்கும், குறித்த நாளில் கடன் தீராததனால் மட்டும் அது கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது என்பது ஃபிக்ஹின் நிலைப்பாடு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு தரும் மீட்புரிமையும் இதற்கு நெருக்கமானது. ஆயினும் சர்பாசி சட்டத்தில் அந்த உரிமையின் கெடு குறுகியது: 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரையே மீட்க முடியும். 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு ஓடிச் சென்று மீட்டுவிடலாம் என்ற பழைய நம்பிக்கையை நம் மக்கள் கைவிட வேண்டும்.

கடனைத் தள்ளுபடி விலைக்கு மூன்றாமவருக்கு விற்பதை நம் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அதன் ஞானத்தை நான் இந்த வழக்கில் கண்ணால் கண்டேன். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே முகம் இருக்கும்வரை, சிரமப்படுபவருக்கு அவகாசம் அளியுங்கள் என்னும் வசனத்துக்கு (2:280) ஒரு செவி இருக்கும். கடன் ஒரு அட்டவணையின் வரியாகிவிட்ட பிறகு, அந்த வசனத்தை யாரிடம் சொல்வது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வசதி இருந்தும் கடனைத் தள்ளிப்போடுவதை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றே கூறினார்கள். கடனோடு இறந்த ஒருவருக்கு, அபூ கத்தாதா (ரலி) அக்கடனை ஏற்ற பிறகே ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். ஆகவே, உரிமையை நிரூபிக்கச் சொல்வதை ஏய்ப்பதற்கான தந்திரமாகக் கொள்வது நமக்கு ஆகாது. நிரூபித்துவிட்டால் செலுத்துவேன் என்ற நிய்யத்தோடு கேட்கும் கேள்விதான் நமக்குரியது.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

அறுபது நாள் அறிவிப்பு வந்தவுடனேயே எழுத்தில் பதில் கொடுங்கள். கதவில் ஒட்டும்வரை காத்திருக்க வேண்டாம். புதிய பெயரில் யார் வந்தாலும், உரிமை மாற்றுப் பத்திரத்தின் நகலையும் உங்கள் கணக்கு இடம்பெற்ற அட்டவணைப் பக்கத்தையும் பதிவுத் தபாலில் கேளுங்கள். அந்நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதா, செர்சாயில் உங்கள் சொத்து யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செலுத்திய ஒவ்வொரு ரசீதையும் பேணுங்கள். எங்களைக் காத்தவை மச்சான் ஒரு பழைய டைரிக்குள் வைத்திருந்த இரண்டு ரசீதுகள்.

வேளாண் நிலத்தின் மீது சர்பாசி நடவடிக்கை செல்லாது. அசல், வட்டி இரண்டிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் அடைத்துவிட்ட கடனுக்கும் செல்லாது. இவற்றை அறியாமல் வீட்டையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. வீடு பெண்ணின் பெயரில் இருந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற அவருக்கு உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். கடன் முழுதும் தீர்ந்தால் முப்பது நாட்களுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பணித்திருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிந்து வில்லங்கத்தை நீக்குங்கள். இல்லையேல் உங்கள் பிள்ளைகள் அந்தப் பழைய வரிக்காக அலைய நேரிடும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பைத்துல்மால்கள் மருத்துவத்துக்கும் கல்விக்கும் உதவுகின்றன, அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அதோடு, மாதம் ஒருமுறை ஒரு வழக்கறிஞரைப் பள்ளிவாசல் வளாகத்தில் அமர்த்தி, இத்தகைய அறிவிப்புகளைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்தால் பல வீடுகள் தப்பும். அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வருகின்றன. அச்சத்தால் அவை பீரோவுக்குள் போய்விடுகின்றன. கெடு கழிந்த பிறகே வெளியே வருகின்றன. வட்டியில் விழுந்தவரை ஏசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். அவருடைய தாளை வாங்கிப் படிப்பவர் ஒருவராவது ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கட்டும்.

கடனின் பாரத்திலிருந்தும் மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. உரியவரை அறியவும், உரியதைக் கொடுக்கவும், உண்மையைச் சொல்லிக்கொண்டே உரிமையைக் கேட்கவும் நமக்குத் துணிவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.